கரோலின் அடித்த நாற்பத்தொரு பேட்டிகள்

ராயபுரம் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் கரோலினின் கடை. டைப்பிங், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் என்று போர்டில் மூன்று வேலைகள் எழுதியிருக்கும். நான்காவது வேலை ஒன்று உண்டு, அது போர்டில் இல்லை. பேட்டி எடுத்த ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுக் காகிதத்தில் அடித்துத் தருவது. பன்னிரண்டு வருஷமாக என் கட்டுரைகளை அங்கேதான் அடித்து வாங்குகிறேன். கடைக்குள் நுழையும்போதெல்லாம் கரோலின் காதில் ஹெட்போனோடு, யாரோ பேசுவதை நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டிருப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது.

வடசென்னைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வருவது இன்று நேற்றல்ல. பர்மாவிலிருந்து வந்தவர்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள், கடல் விரட்டியவர்கள், சாலை விரட்டியவர்கள் என்று இங்கே எல்லா வகையும் கிடைக்கும். அகதிகள், கட்டாய இடப்பெயர்வு என்று தலைப்பு எடுத்தவர்கள் ஒரு மாசம் தங்கி, போன் நிறையப் பேச்சைப் பதிந்துகொண்டு போவார்கள். ஊருக்குப் போய்ப் போட்டுக் கேட்டால் பாதி புரியாது. எங்கள் பேச்சு அப்படி. பிறகு யாரிடமோ விசாரித்து, கோப்புகளைக் கரோலினுக்கு அனுப்புவார்கள். ஒரு மணி நேரப் பேச்சை அடிக்க அவளுக்கு ஆறு மணி நேரம் ஆகும். ஆனால் ஒரு சொல் விடாமல் அவள் காதில் விழும். காற்று, கடல், குறுக்கே பேசுகிற பக்கத்து வீட்டுக்காரி, எல்லாவற்றையும் பிரித்துக் கேட்பாள்.

காதில் விழுந்ததெல்லாம் காகிதத்தில் விழுந்ததா என்பதுதான் இந்தக் கதை.

கரோலின் பிறந்தது சவேரியார் குப்பத்தில். காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில், சாலைக்கும் அலைக்கும் இடையே தொண்ணூறு வீடுகள். அவள் அப்பா கஸ்பார் அங்கே ஊர்த்தலைவர். சொந்தப் படகு, கணீரென்ற குரல், நாலு அலுவலகத்துக்கு ஏறி இறங்கிய பழக்கம். கரோலின் டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர் பாஸ் செய்தாள். ரயில்வேயில் வேலை பார்க்கும் சாவியோவைக் கட்டிக்கொண்டு ராயபுரம் வந்தாள். கடை போடுவதற்கு முன்னால் எட்டு வருஷம் ஓர் அரசு அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு அடித்தாள். அவள் கை பழகியது அந்த மர நிழலில்தான்.

மனு எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அதை நம்பி அழுது எழுதிய மனுக்கள் குப்பைக்குப் போனதை கரோலின் கண்ணால் பார்த்திருக்கிறாள். வந்தவள் மாரில் அடித்துக்கொண்டு சொல்வாள். கரோலின் அதை ‘மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானோம்’ என்று அடிப்பாள். ஒருவன் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்துக் கெட்ட வார்த்தையில் முடிப்பான். அது ‘தாங்கள் தயவுகூர்ந்து’ என்று மாறும். அப்படி மாற்றிய மனுவை அதிகாரி படிப்பார், சில சமயம் கையெழுத்தும் போடுவார். தன் ஜனங்களை யாரும் ஏளனமாகப் பார்த்துவிடக் கூடாது என்பது அவளுக்கு ஒரு வைராக்கியம். சினிமாக்காரன் சிரிக்கிறது போதாதா, படித்தவனும் சிரிக்க வேண்டுமா என்று என்னிடம் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

சவேரியார் குப்பம் 2011இல் காலியானது. கடல் அரித்துக்கொண்டு வருகிறது, இங்கே இருந்தால் ஆபத்து என்று சொல்லி, எர்ணாவூரில் கட்டியிருந்த மாடிக் குடியிருப்புக்கு எல்லோரையும் கொண்டுபோனார்கள். கடல் அரித்தது உண்மை. வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பதில்தான் விவகாரம். கரோலின் அப்போது ராயபுரத்தில் கைக்குழந்தைக்காரி. வீடுகள் இடிந்ததை அவள் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூர் போனபோது அப்பாவும் அம்மாவும் தரைத்தள வீட்டில், வீட்டுக்குள்ளேயே குழாய்த் தண்ணீரோடு இருந்தார்கள். ஆஸ்துமாக்காரியான அம்மா ஈரச் சுவர் இல்லாத வீட்டில் உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறெதுவும் அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்து வருஷம் கழித்து, ஊரடங்கு காலத்தில் மகிழினி என்ற பெண் தில்லியிலிருந்து போன் செய்தாள். அப்பா அம்மாவுக்குச் சொந்த ஊர் வியாசர்பாடி. அவள் பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் தில்லி. கட்டாய இடப்பெயர்வில் முனைவர் பட்ட ஆய்வு. அவளால் வர முடியாததால் பீம்ராவ் என்ற களப்பணியாளர் எர்ணாவூரில் வீடு வீடாகப் போய் நாற்பத்தொரு குடும்பங்களைப் பேட்டி எடுத்திருந்தார். எல்லோரும் சவேரியார் குப்பத்துக்காரர்கள். மகிழினியின் தமிழ் அம்மாவிடம் சோறு கேட்கிற அளவுக்குத்தான். கரோலின் அடித்து அனுப்புகிற சுத்தமான தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஒலிப்பதிவைக் கேட்டால் தலை சுற்றுகிறது என்றாள். பெயர்களை எடுத்துவிட்டு ப-1, ப-2 என்று எண் போட வேண்டும், வேலை முடிந்ததும் கோப்புகளை அழித்துவிட வேண்டும். இவைதான் நிபந்தனை.

அவர்கள் தன் ஊர்க்காரர்கள் என்று கரோலின் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலை வேறு யாருக்காவது போயிருக்கும்.

எண் போட்டால் மட்டும் என்ன, நாற்பத்தொரு குரலும் அவளுக்குத் தெரிந்த குரல். ப-17 ஃப்ளோரன்ஸ் அத்தை. காசிமேட்டில் மீன் விற்பவள், கரோலினை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள். அவளிடம் பீம்ராவ், நீங்கள் அங்கிருந்து வந்தது கட்டாயத்தாலா விருப்பத்தாலா என்று கேட்கிறார். அத்தை பதில் சொல்கிறாள்:

“இன்னா சார் விருப்பம்? ஜேசிபி வாசல்ல வந்து நின்னுகினுகீது. போலீசு லத்தியோட நின்னுகினுகீது. அதுக்கு மின்னாடியே கஸ்பாரு வூடு வூடா வந்து ரேஷன் கார்ட வாங்கினு பூட்டான். லிஸ்ட்டு எடுக்கணும்னான். நம்ம தலைவராச்சேன்னு குட்த்தோம். அப்பறம், கார்டு வோணும்னா எர்ணாவூர் வந்து கையெழுத்து போட்டு வாங்கிக்கன்றான். கார்டு அங்க, நாங்க இங்க. அரிசிக்கு எங்க போறது? அவன் கை வெளங்காம பூடணும்.”

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அழுகை.

கரோலின் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அதற்கு முந்தைய பதினாறு பேரில் ஒன்பது பேர் அதையே சொல்லியிருந்தார்கள். நேரில் பார்க்கும்போது ‘நைனா நல்லா கீறாரா’ என்று அப்பாவை விசாரிக்கிறவர்கள்தான் எல்லோரும். அவள் காதில் இது விழும் என்று தெரிந்திருந்தால் ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அப்பாமேல் கோபமாகவும் இருந்தது. அம்மா சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தபோது எதன்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு இப்படி அடித்தாள்:

‘ஊர்ப் பெரியவர்களின் ஆலோசனைப்படி, அலுவலர்கள் முன்னிலையில் கையொப்பமிட்டு, மாற்றுக் குடியிருப்புக்குச் சென்றோம். எங்கள் குடும்ப அட்டைகள் புதிய முகவரியிலேயே வழங்கப்பட்டன.’

பெயரை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாயிற்று. சபித்ததை எடுப்பது எப்போதும் உள்ள வழக்கம். அழுகையை அடிக்க விசைப்பலகையில் எழுத்து இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் அவளிடம் நியாயம் இருந்தது. நாற்பத்தொரு பேட்டியும் அப்படியே முடிந்தன. கோப்புகளை அழித்தாள். மகிழினி மிகத் தெளிவாக இருக்கிறது என்று நன்றி சொன்னாள். இரண்டு வருஷம் கழித்து ஆய்வேட்டின் ஒரு பிரதியும் அனுப்பினாள். நன்றியுரையில் கரோலின் பெயர் இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் சாவியோ போட்டோ எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். மற்ற பக்கங்களை யாரும் புரட்டவில்லை.

இதற்கிடையில் கடல் ஒரு வேலை செய்தது. தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கல் கொட்டியதில், குப்பம் இருந்த இடத்தில் மணல் திரும்ப ஏறிவிட்டது. அங்கே மீனவர்களுக்கு வீடு கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. அங்கிருந்து கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர்களுக்குத்தான் முன்னுரிமை. எர்ணாவூரில் ஒரே பரபரப்பு. ஃப்ளோரன்ஸுக்கு வீடு மூன்றாவது மாடி, இரண்டு முட்டியும் போய்விட்டது. மகன் ஆன்றோ வாரத்தில் நாலு நாள் படகிலேயே படுக்கிறான். அவளும் மனு போட்டாள்.

போன வருஷம் ஆடி மாசத்தில் அவள் ஒரு காகிதத்தோடு கரோலின் கடைக்கு வந்தாள். நான் அன்று என் கட்டுரையைத் திருத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

“கண்ணு, இத்த படி. இன்னாமோ ஆராய்ச்சின்னு போட்டுகீதாம். ஆன்றோ படிச்சிட்டு கத்தினுகீறான்.”

கரோலின் படித்தாள். மனுக்களைப் பரிசீலித்த குழு, ஒரு பல்கலைக்கழக ஆய்வை மேற்கோள் காட்டியிருந்தது. பேட்டி எடுக்கப்பட்ட நாற்பத்தொரு குடும்பங்களில் இருபத்தொன்பது விருப்பத்தின் பேரில் இடம்பெயர்ந்தவை. இம்மக்கள் தம் இடப்பெயர்வைக் கோபமோ துயரமோ இன்றி நிதானமான மொழியில் விவரிப்பது, அவர்கள் அதை ஏற்றுக்கொண்டதையே காட்டுகிறது. உதாரணத்துக்கு ஒரு பேட்டி: ‘ஊர்ப் பெரியவர்களின் ஆலோசனைப்படி, அலுவலர்கள் முன்னிலையில் கையொப்பமிட்டு...’ ஆகவே முன்னுரிமைக்கு வழியில்லை.

“எவ அப்டி சொன்னது?” என்று ஃப்ளோரன்ஸ் கேட்டாள். “அந்தாளு போன நீட்டிகினு கேட்டப்ப, காறித் துப்பாத கொறையா சொன்னேன் நானு. நீ ஒரு லெட்டர் அடி. நாங்க யாரும் அப்டி சொல்லலன்னு அடி.”

கரோலின் விசைப்பலகைமேல் கையை வைத்தாள், எடுத்தாள். தப்பித்துக்கொள்ள அந்த நிமிஷத்தில் வழி இருந்தது. கடிதத்தை அடித்துக் கொடுத்திருக்கலாம்; ஆராய்ச்சிக்காரர்கள் அப்படித்தான் என்று இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

“அத்த, அந்த பேட்டிய அடிச்சது நான்தான். நீ பேசுனத மாத்தி அடிச்சதும் நான்தான்.”

ஃப்ளோரன்ஸுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. கரோலின் எல்லாவற்றையும் சொன்னாள். மனுவுக்குச் செய்கிற மாதிரிதான் செய்தேன், உங்களையெல்லாம் கேவலமாக நினைக்கக் கூடாதே என்றுதான் செய்தேன் என்றாள்.

“கார்டு மேட்டரு?” என்றாள் ஃப்ளோரன்ஸ். “நான் சொன்னனே, கார்டு மேட்டரு. அதுவும் எங்களுக்கோசரம்தான் எட்த்தியா?”

“இல்ல. அது நைனாவுக்கோசரம்.”

ஃப்ளோரன்ஸ் திட்டவில்லை. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எதிர்வரிசையில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அங்கே கடிதம் அடிக்கச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. கரோலின் என்னைப் பார்த்து, “பிள்ளையார் புடிக்கக் கொரங்கா பூட்ச்சு சார்” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொஞ்சம் குரங்கும் சேர்த்தே பிடித்திருந்தாள். அவளுக்கும் அது தெரியும்.

அன்றைக்கே மகிழினிக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் இப்போது ஒரு கல்லூரியில் தற்காலிக வேலையில் இருக்கிறாள். அந்த ஆய்வை வைத்துத்தான் நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். முழுவதையும் கேட்டாள்.

“அக்கா, என் மூணாவது அத்தியாயம் முழுக்க அதைப் பத்திதான். இவங்க ஏன் கோபமே படலைன்னு. எழுபது பக்கம்.”

“கோவப்பட்டாங்கம்மா. நான்தான் எடுத்துட்டேன்.”

“நானாவது ஒரு தடவை கேட்டிருக்கணும். கேட்டா புரியலைன்னாலும் அழுறது கேட்டிருக்கும் இல்ல?”

 மகிழினி இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். ஒலிப்பதிவை ஐந்து வருஷம் பத்திரப்படுத்துவது பல்கலைக்கழக விதி, அதனால் நாற்பத்தொன்றும் அவளிடம் இருந்தன. மறுபடியும் முழுதாக அடிக்க வேண்டும், எதையும் எடுக்கக் கூடாது, சபித்தால் சபித்தது, அழுதால் அழுதது. முதலில் அடித்தது எப்படித் தப்பானது என்று கரோலின் தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டையும் சேர்த்து, தன் ஆய்வின் முடிவு தவறு என்று அவள் அந்தக் குழுவுக்கு எழுதுவாள். இன்னொன்றும் சொன்னாள். தலைவர் என்று மட்டும் போட்டாலும் சின்ன ஊரில் ஆள் தெரிந்துவிடும். அதனால் அவரிடம் சொல்லிவிட்டு, அவர் தரப்பையும் கேட்டுப் பதிய வேண்டும். வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்றாள். கரோலின் வேண்டாம் என்றாள்.

மூன்று மாசம் மற்ற வேலைகளை ஓரம்கட்டி, நாற்பத்தொன்றையும் அடித்தாள். அழுகைக்கு அடைப்புக்குறிக்குள் ‘அழுகிறார்’ என்று போட்டாள். எவ்வளவு நேரம் என்று விநாடியும் போட்டாள். கெட்ட வார்த்தைகளை அடிக்கும்போது கடைக்கு யாராவது வந்தால் திரையை மறைத்துக்கொள்வாள். முடிந்தபோது கணக்கு மாறியிருந்தது. கட்டாயம் முப்பத்தேழு, விருப்பம் நாலு. கஸ்பார் என்ற பெயர் இருபத்தாறு பேட்டிகளில் வந்திருந்தது. தலைவர் என்று மாற்றிப் போட்டாள்.

எர்ணாவூருக்கு அவள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து. கஸ்பாருக்கு எழுபத்தாறு வயது. மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது, தனியாகத்தான் இருக்கிறார். ஊர்த்தலைவர் பட்டம் எப்போதோ போய்விட்டது. மாடிக்காரர்கள் வணக்கம் வைப்பார்கள், உள்ளே வந்து உட்கார மாட்டார்கள். கரோலின் மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“என்னப் பத்தி இன்னா சொல்லிகீறாங்க?”

அவள் ப-17ஐ எடுத்து ஹெட்போனை அவர் காதில் வைத்தாள். அவர் முழுக்கக் கேட்டார். கை விளங்காமல் போகட்டும் என்கிற இடத்தையும் கேட்டார், அதற்குப் பிறகு வந்த அழுகையையும் கேட்டார். ஹெட்போனைத் தானே கழற்றிக் கொடுத்தார்.

“ஃப்ளோரன்ஸு. மத்தவங்களும் இத்தயேதான் சொன்னாங்களா?”

“இருபத்தாறு பேரு.”

“கரெக்டாத்தான் சொல்லிகீறாங்க.”

“நீ சொல்றதையும் பதிஞ்சிக்கணும் நைனா. இஷ்டம் இல்லன்னா வுட்டுடலாம்.”

“பதிஞ்சிக்க.”

போனைப் பாயில் வைத்து, பீம்ராவ் எல்லோரிடமும் கேட்ட கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டாள். பெயர், வயது, எத்தனை வருஷம் குப்பத்தில் இருந்தீர்கள். கார்டு விஷயம் வந்தபோது அவர் நிதானமாகச் சொன்னார். ரெண்டு வருஷத்தில் அதே இடத்தில் கட்டிக் கொடுத்துவிடுவோம் என்று வந்த அதிகாரிகள் சொன்னார்கள். தொண்ணூறு வீடும் காலியானால் தரைத்தளத்தில் உனக்கு வீடு என்று தனியாகவும் சொன்னார்கள்.

“ரெண்டு வருசத்துல கட்டித் தருவான்னு எனக்கு நம்பிக்க இல்ல. ஊர நம்பச் சொன்னேன். உங்கம்மா மூச்சு வாங்கினு ராத்திரியெல்லாம் குந்திகினு இருப்பா. மாடி வூடு குட்த்தா ஏற முடியாது அவளால. அதான் கார்ட வாங்கினேன்.”

கரோலின் அழுதுகொண்டிருந்தாள். அதுவும் பதிவாகிக்கொண்டிருந்தது. கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் கேட்டாள்.

“அங்க இருந்து வந்தது கட்டாயமா, விருப்பமா?”

“ஊர்க்காரங்களுக்கெல்லாம் கட்டாயம்னு போடு. எனக்கு மட்டும் விருப்பம்னு போடு.”

“போலீசு, ஜேசிபி எல்லாம் நம்ம வூட்டு வாசல்லயும்தான நின்னுச்சு நைனா.” அவருக்கு ஒரு வழி விட்டுக் கொடுக்க அவள் மனசு அப்போதும் பார்த்தது.

“அது வந்தது வியாழக்கெழம” என்றார் கஸ்பார். “நான் புதன்கெழமயே மூட்ட கட்டிட்டேன்.”